வாய்ப்பேச்சு விவாகரத்து ஆகாது: கோர்ட்டுக் காகிதத்தைத் தேடி வாங்குவது எப்படி?



சென்ற இதழ்ப் பாடத்தில் பிறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வாங்கும் வழியைப் பார்த்தோம். இந்த மாதப் பாடம், குழுக் கூட்டத்தில் பலரும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒரு விஷயம். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு, ஓரமாக வந்து, "மேடம், ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். பாதிக் கேள்விகள் இதைப் பற்றித்தான் இருக்கும்: "எனக்கு விவாகரத்து ஆயிடுச்சா, இல்லையா?"

கேட்க வேடிக்கையாக இருக்கலாம். கல்யாணம் ஆனது தெரியும், அது முறிந்ததா என்று தெரியாதா? தெரியாமல் இருக்கும் சகோதரிகள் நம் கூட்டமைப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கதையோடு தொடங்குகிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

ஒரு சகோதரியின் அலைச்சல்

சுவாமிமலை பக்கத்துக் கொடிக்காலில் வெற்றிலை அடுக்கும் வேலை செய்பவர். 2011-ல் சுவாமிமலை கோயிலில் 60 படியும் ஏறி நின்று தாலி கட்டிக்கொண்டவர். நாலு வருஷம் கணவர் ஊரில் வாழ்ந்தார். பிறகு அடி, உதை, சந்தேகம். 2015-ல் கைக்குழந்தையோடு தாய்வீடு வந்துவிட்டார். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சும் இல்லை. சில வருஷம் கழித்துக் கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டதாகத் தகவல் வந்தது. கேட்டதற்கு, "நாங்க கோர்ட்டுலயே முடிச்சாச்சு, இனிமே இங்க வராத" என்று பதில் வந்தது.

இவருக்குச் சம்மன் வந்ததில்லை. கோர்ட்டுப் படி மிதித்ததில்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில், "நீங்க விவாகரத்து ஆனவரா, கைவிடப்பட்டவரா?" என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டார். "என்னைப் பத்தி எனக்கே தெரியலையே அக்கா" என்று அழுதார்.

இதில் என் தப்பும் ஒன்று உண்டு. கல்யாணம் பதிவு செய்யும் இடத்தில்தான் முறிவும் பதிவாகியிருக்கும் என்று நினைத்து, அவரை முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அது வீண் அலைச்சல். அவருக்கு இரண்டு நாள் கூலி போனது. நான் செய்த தப்பை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவும் இந்தப் பாடம்.

விவாகரத்துக்கு எது காகிதம்?

பிறப்புக்குச் சான்றிதழ் உண்டு, இறப்புக்கு உண்டு. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 வந்த பிறகு எல்லாத் திருமணத்தையும் கட்டாயம் பதிய வேண்டும், அதற்கும் சான்றிதழ் உண்டு. ஆனால் "விவாகரத்துச் சான்றிதழ்" என்று எந்த அலுவலகமும் தனியாகத் தருவதில்லை. கோர்ட்டுத் தரும் காகிதம்தான் சான்று. அது இரண்டு பாகம்:

1. தீர்ப்பு: வழக்கு என்ன, யார் என்ன சொன்னார்கள், நீதிபதி ஏன் இப்படி முடிவு செய்தார் என்பதெல்லாம் விவரமாக இருக்கும்.

2. தீர்ப்பாணை (டிக்ரி): முடிவு மட்டும் சுருக்கமாக இருக்கும். எல்லா அலுவலகத்திலும் முதலில் கேட்பது இதைத்தான்.

இந்த இரண்டின் கோர்ட்டு முத்திரை போட்ட சான்றிட்ட நகல் கையில் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் போதாது.

சார்பதிவாளர் அலுவலகத் திருமணப் பதிவேட்டில் விவாகரத்து தானாக ஏறாது. அதனால் அங்கே போய்த் தேடிப் பயனில்லை. கோயில் ரசீதும் அப்படித்தான். கல்யாணம் நடந்ததற்கு அது ஆதாரமாக உதவும், முறிவைப் பற்றி எதுவும் சொல்லாது.

எவை விவாகரத்து ஆகாது?

நம் பகுதியில் சகோதரிகள் பத்திரமாக மடித்து வைத்திருக்கும் காகிதங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

20 ரூபாய் பத்திரத்தில் "இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டது, நோட்டரி வக்கீல் முத்திரை வைத்தது: இது விவாகரத்து ஆகாது. சாதி வழக்கப்படி தீர்த்துவிடும் முறையை இந்து திருமணச் சட்டத்தின் 29-ம் பிரிவு ஒப்புக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு உண்டு என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். சும்மா எழுதிக்கொண்டால் போதாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி நகையைத் திருப்பிக் கொடுத்தது, மகளிர் காவல் நிலையத்தில் "பிரிந்து வாழச் சம்மதம்" என்று எழுதிக் கொடுத்தது, வக்கீல் அனுப்பிய நோட்டீஸ்: இவையும் விவாகரத்து ஆகாது. ஆனால் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் வழக்குக்கு ஆதாரமாக உதவும்.

முஸ்லிம் சகோதரிகள் கவனத்துக்கு: காஜி தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான், அதற்குச் சட்ட வலு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் சொன்னது. குலா வேண்டும் பெண் குடும்ப நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும், தனிப்பட்ட அமைப்பு தரும் குலா சான்றிதழ் செல்லாது என்று அதே நீதிமன்றம் 2023-ல் சொன்னது. ஒரே மூச்சில் முத்தலாக் சொல்வதைச் சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் செல்லாது என்றது. 2019 சட்டத்தின்படி அது குற்றமும்கூட. ஜமாஅத்தில் உள்ள நிக்காஹ் பதிவேட்டின் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு அது நல்ல ஆதாரம்.

கிறிஸ்தவச் சகோதரிகள் கவனத்துக்கு: மறைமாவட்டத் தீர்ப்பாயம் "இந்தத் திருமணம் செல்லாது" என்று கொடுத்தால், அது திருச்சபைக்குள் மட்டும்தான். நாட்டுச் சட்டப்படி கோர்ட்டுத் தீர்ப்பு தனியாக வேண்டும். 2001-க்கு முன்னால் கிறிஸ்தவ விவாகரத்தை மாவட்ட நீதிமன்றம் கொடுத்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டியிருந்தது. அதனால் பழைய வழக்கு என்றால் உறுதி செய்த உத்தரவையும் சேர்த்துத் தேடுங்கள். 2001 திருத்தத்துக்குப் பிறகு அது தேவையில்லை.

சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களுக்கும் இதே விதிதான். மாலை மாற்றிச் செய்த திருமணம் 1967 தமிழ்நாட்டுத் திருத்தப்படி முழுமையாகச் செல்லும். அது முறிவதற்கும் கோர்ட்டு வேண்டும்.

எந்தக் கோர்ட்டில் தேடுவது?

இதுதான் முக்கியமான கேள்வி. குடும்ப நீதிமன்றம் இருக்கும் இடத்தில் அங்கேயும், இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றத்திலும் (சப்-கோர்ட்டு) விவாகரத்து வழக்கு நடக்கும். புதிதாகக் குடும்ப நீதிமன்றம் வந்தால் பழைய கோர்ட்டில் நடந்துகொண்டிருந்த வழக்குகள் அங்கே மாறும். அதனால் ஒரு இடத்தில் "இங்கே இல்லை" என்றால், "எந்தக் கோர்ட்டுக்கு மாறியது?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

எந்த ஊர்க் கோர்ட்டு? இந்து திருமணச் சட்டம் 19-ம் பிரிவு சொல்லும் இடங்கள் இவை:

1. கல்யாணம் நடந்த ஊர்
2. வழக்கில் எதிர்த்தரப்பு ஆனவர் குடியிருக்கும் ஊர்
3. இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர்
4. மனைவி வழக்குப் போட்டிருந்தால், அவர் குடியிருக்கும் ஊர் (2003 திருத்தம்)

இதில் முதல் விதியைச் சுவாமிமலைக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். திருச்சி, சென்னை என்று எங்கெங்கிருந்தோ வந்து முருகன் சன்னதியில் தாலி கட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் எங்கே வாழ்ந்தாலும், கல்யாணம் நடந்த ஊர் என்ற முறையில் வழக்கை இந்தப் பகுதிக்கு உரிய கோர்ட்டில் போட முடியும். அதே மாதிரி நம் பெண்கள் வேறு ஊருக்கு வாழப் போயிருந்தால், வழக்கு அந்த ஊரில் நடந்திருக்கலாம். ஆகவே ஒரு தாளில் மேலே சொன்ன நாலு இடத்தையும் எழுதிக்கொண்டு வரிசையாகத் தேட வேண்டும்.

பழைய வழக்குகளுக்கு இன்னொன்று. நம் தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-ல் திருவாரூர் தனி மாவட்டம் ஆனது. 2020-ல் நாகையிலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. வழக்கு நடந்த வருஷத்தில் அந்த ஊர் எந்த எல்லையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்து 1949 சட்டத்திலேயே வந்துவிட்டது, 1955 மத்தியச் சட்டத்துக்கு முன்பே. ஆகவே சொத்து வழக்குக்காகப் பாட்டி காலத்துக் காகிதம் தேடுபவர்கள், "அந்தக் காலத்தில் ஏது விவாகரத்து" என்று விட்டுவிட வேண்டாம்.

வழக்கு எண்ணைக் கண்டுபிடிப்பது

கோர்ட்டில் எல்லாமே எண்ணை வைத்துத்தான். இந்து திருமண வழக்குக்கு "எச்.எம்.ஓ.பி." என்றும், கிறிஸ்தவ வழக்குக்கு "ஐ.டி.ஓ.பி." என்றும் போட்டு, எண்ணும் வருஷமும் எழுதுவார்கள். வீட்டில் பழைய சம்மன், வக்கீல் கொடுத்த துண்டுச் சீட்டு, வாய்தா தேதி எழுதிய டைரி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பெட்டியைப் புரட்டுங்கள்.

எண் தெரியாவிட்டால் செல்போனில் தேடலாம். "ஈ-கோர்ட்ஸ் சர்வீசஸ்" என்ற அரசு செயலி இலவசம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயர், வருஷம் போட்டால் வழக்கைக் காட்டும். "முடிந்த வழக்குகள்" என்பதையும் சேர்த்துத் தேட வேண்டும். படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் உதவச் சொல்லுங்கள். மூன்று விஷயம் கவனம்:

• பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருப்பார்கள் என்று தெரியாது. ஒரே பெயருக்கு மூன்று நாலு எழுத்துக்கூட்டல் போட்டுப் பாருங்கள். கணவர் பெயர், உங்கள் பெயர் இரண்டையும் போடுங்கள்.

• ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடம் கொண்ட ஒரு அடையாள எண் இருக்கும். அது கிடைத்தால் நோட்டில் எழுதி வையுங்கள். அதன் பிறகு பெயர் போட்டுத் தேட வேண்டியதில்லை.

• செல்போனில் வரவில்லை என்றால் வழக்கே இல்லை என்று அர்த்தம் இல்லை. பழைய வழக்குகள் ஏறாமல் இருக்கலாம். குடும்ப வழக்கு என்பதால் பெயரை மறைத்தும் வைத்திருக்கலாம். அப்போது கோர்ட்டு அலுவலகப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். வக்கீல் மூலமோ சட்டப் பணிகள் குழு மூலமோ மனு கொடுத்துத் தேடச் சொல்லலாம்.

நம் சகோதரிக்குக் கும்பகோணம் கோர்ட்டுகளில் தேடினோம், இல்லை. பிறகு கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊருக்கு உரிய கோர்ட்டில் தேடினோம். கணவர் பெயரின் மூன்றாவது எழுத்துக்கூட்டலில் வந்தது. 2018-ல் முடிந்த வழக்கு.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா?

2005-ல் அந்தச் சட்டம் வந்த பிறகு நம் குழுக்கள் பல மனுக்கள் போட்டிருக்கின்றன. ஆனால் கோர்ட்டு வழக்கின் நகலை அந்த வழியில் கேட்க முடியாது, கோர்ட்டு விதிகளில் உள்ள நகல் மனு மூலம்தான் வாங்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆகவே அந்த மனு எழுதி நாளைக் கடத்த வேண்டாம்.

நகல் மனு கொடுப்பது எப்படி?

வழக்கில் நீங்கள் ஒரு கட்சிக்காரர் என்றால் நேரில் போய் நீங்களே மனு கொடுக்கலாம். ஆதார் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மனுவில் இருக்க வேண்டியவை:

"அனுப்புநர்: பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், முகவரி.
பெறுநர்: வழக்கை முடித்த நீதிமன்றத்தின் பெயர், ஊர்.
வழக்கு எண்ணும் வருஷமும்.
மனுதாரர் பெயர், எதிர்மனுதாரர் பெயர்.
தீர்ப்புத் தேதி.
மேற்கண்ட வழக்கில் நான் எதிர்மனுதாரர். தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டிற்கும் சான்றிட்ட நகல் தந்துதவக் கேட்டுக்கொள்கிறேன்.
தேதி, கையொப்பம்."

மனுவில் கோர்ட்டு ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி நகல் பிரிவில் கொடுத்தால் ஒரு நகல் மனு எண் தருவார்கள். அதை வாங்காமல் வெளியே வராதீர்கள். எத்தனை பக்கம் வருகிறது என்று பார்த்து, அதற்கான தொகையைக் கட்டச் சொல்லி அறிவிப்புப் பலகையில் பட்டியல் போடுவார்கள். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வீட்டுக்குக் கடிதம் வரும் என்று காத்திருப்பார்கள். பலகையில் போட்டு, கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி ஆகிவிடும். மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். ஆகவே மனு கொடுத்த அன்றே, "பட்டியல் எப்போ வரும்?" என்று கேட்டு, அந்த நாளில் போய்ப் பாருங்கள்.

நகல் வந்ததும் அதில் சில தேதிகள் இருக்கும்: மனு கொடுத்த நாள், பணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள். இது வெறும் அலுவலகக் கணக்கு இல்லை. அப்பீல் போக வேண்டி வந்தால், நகல் எடுக்க ஆன நாட்களைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே அந்தப் பக்கத்தைக் கிழியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பையும் தீர்ப்பாணையையும் கோர்ட்டு நீண்ட காலம் வைத்திருக்கும். வழக்கில் உள்ள மற்றத் தாள்களுக்கு அழிக்கும் கெடு உண்டு. கல்யாணப் பத்திரிகை, போட்டோ, நகை ரசீது என்று அசல் எதையாவது கோர்ட்டில் கொடுத்திருந்தால், வழக்கு முடிந்ததும் மனு போட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

உங்கள் உரிமை: முதல் நகல் இலவசம்

பலருக்குத் தெரியாத செய்தி இது. இந்து திருமணச் சட்டம் 23-ம் பிரிவு, 4-ம் உட்பிரிவு சொல்கிறது: திருமணத்தை முறித்துத் தீர்ப்பாணை கொடுக்கும் நீதிமன்றம், அதன் நகலை இரு தரப்புக்கும் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும். இப்போது வழக்கு நடத்திக்கொண்டிருக்கும் சகோதரிகள், தீர்ப்பு நாளிலேயே உங்கள் வக்கீலிடம், "23(4) நகல் வாங்கிக் குடுங்க" என்று கேளுங்கள்.

அதோடு, 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவுப்படி பெண்கள் எல்லோருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது. வக்கீல் மட்டும் இல்லை, கோர்ட்டுக் கட்டணம், நகல் செலவுக்கும் கேட்கலாம். கும்பகோணத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவும், தஞ்சாவூரில் மாவட்ட ஆணைக்குழுவும் இருக்கின்றன. போனில் கேட்க 15100. ஆபத்து, அடிதடி என்றால் பெண்கள் உதவி எண் 181.

வாங்கியதும் படித்துப் பார்க்க வேண்டியவை

நகல் கைக்கு வந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். படிக்கத் தெரிந்த நம்பிக்கையான ஒருவரை வைத்துப் பாருங்கள்.

• கடைசிப் பத்தியில் "திருமணம் முறிக்கப்படுகிறது" என்று இருக்கிறதா? "நீதிமன்றப் பிரிவு" என்று இருந்தால் அது தனித்து வாழ அனுமதிதான். கல்யாணம் இன்னும் முறியவில்லை. "மனு தள்ளுபடி" என்றாலும் முறியவில்லை.

• இருவர் சம்மதத்தோடு நடந்ததா, எதிர்த்து நடந்ததா, ஒருதலைப்பட்சமா?

• ஜீவனாம்சம், குழந்தை, நகை பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா?

• பெயர், வயது, கல்யாணத் தேதி சரியா? பிழை இருந்தால் திருத்தச் சொல்லி அதே கோர்ட்டில் மனு போடலாம். உடனே செய்யுங்கள்.

எனக்குத் தெரியாமலேயே தீர்ப்பு வந்திருந்தால்?

நம் சகோதரியின் தீர்ப்பில் அதுதான் இருந்தது. சம்மனை அவர் விட்டு வந்த மாமியார் வீட்டு முகவரிக்கே அனுப்பியிருக்கிறார்கள். ஆள் இல்லை என்று திரும்பியிருக்கிறது. பிறகு பத்திரிகையில் விளம்பரம். அந்தப் பேப்பரை இவர் பார்த்திருக்க வழியே இல்லை. எதிர்த்தரப்பு வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு. அதில் இவர் "காரணமில்லாமல் கணவனை விட்டு ஓடியவர்" என்று எழுதியிருந்தது. அதை வாசித்துக் காட்டியபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

இப்படிப்பட்ட தீர்ப்பை நீக்கச் சொல்லி அதே கோர்ட்டில் மனு போடலாம். கெடு 30 நாள். சம்மன் முறையாகக் கிடைக்காதவருக்கு, தீர்ப்பு வந்தது தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாளை எண்ண வேண்டும். ஆகவே உங்களுக்குத் தெரியவந்த தேதியை, யார் மூலம் தெரிந்தது என்பதையும் சேர்த்து அன்றே எழுதி வையுங்கள். நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். முதலில் சட்ட உதவி வக்கீலைப் பாருங்கள்.

நீக்கச் சொல்வது ஒரு வழி. தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, 25-ம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்பது இன்னொரு வழி. தீர்ப்பு வந்த பிறகும் அதைக் கேட்கலாம். எது நல்லது என்று நாம் சொல்லக் கூடாது. அது அவரவர் முடிவு. நம் சகோதரி இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னார்: "திரும்பப் போயி வாழவா போறேன்? ஓடிப்போனவன்னு எழுதினதுக்கு நான் வந்து நிஜத்தச் சொல்லணும். எம்பொண்ணுக்கு உள்ளத வாங்கணும். அவ்ளோதான்." ஜீவனாம்சத்துக்கும் மகளின் பராமரிப்புக்கும் மனு போட்டிருக்கிறார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. என்ன வரும் என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை வாய்தா தேதி அவர் கையில் இருக்கிறது.

"விவாகரத்து ஆன மாப்பிள்ளை" வந்தால்

இரண்டாம் கல்யாணத்துக்கு வரன் வந்தால், வாய் வார்த்தையை நம்பாமல் சான்றிட்ட தீர்ப்பாணையைக் கேளுங்கள். இந்து திருமணச் சட்டத்தில் அப்பீல் கெடு 90 நாள். அது முடிந்ததா, அப்பீல் இருந்தால் தள்ளுபடி ஆனதா என்று பாருங்கள். சப்-கோர்ட்டுத் தீர்ப்புக்கு மாவட்ட நீதிமன்றத்திலும், நம் மாவட்டக் குடும்ப நீதிமன்றத் தீர்ப்புக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலும் அப்பீல் தேட வேண்டும்.

மற்றவர் வழக்கின் நகலை நாமே போய் வாங்கிவிட முடியாது. கட்சிக்காரர் அல்லாதவர் என்ன தேவைக்கு என்று பிரமாணப் பத்திரம் போட்டு, கோர்ட்டு அனுமதித்தால்தான் கிடைக்கும். திருமண வழக்கு விவரங்களை வெளியிடுவதற்கும் 22-ம் பிரிவில் தடை இருக்கிறது. ஆகவே மாப்பிள்ளையே கொண்டுவந்து காட்டட்டும். காட்ட மறுத்தால், அதுவே உங்களுக்குப் பதில்.

சிங்கப்பூர் போனவர், "அங்கேயே முடிச்சிட்டேன்" என்று சொன்னால் இன்னும் கவனம். அங்கே முதலில் இடைக்காலத் தீர்ப்பு, பிறகு இறுதித் தீர்ப்பு என்று இரண்டு கட்டம். இறுதித் தீர்ப்பு வராமல் முடிந்ததாகாது. மேலும், நம் திருமணச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் இல்லாமல், மனைவி வழக்கில் கலந்துகொள்ளவும் இல்லாமல் வெளிநாட்டில் வாங்கிய தீர்ப்பு இங்கே செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1991-லேயே சொல்லியிருக்கிறது.

இந்தக் காகிதம் எதற்கெல்லாம் வேண்டும்?

கணவரால் கைவிடப்பட்ட பெண்கள் உதவித்தொகைக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது 5 வருஷத்துக்குக் குறையாமல் கைவிடப்பட்டிருக்க வேண்டும். கோர்ட்டுக் காகிதம் இல்லாதவர்கள் தாசில்தாரிடம் கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழுக்கு இ-சேவை மையம் மூலம் விண்ணப்பிக்கலாம். கோர்ட்டுக் காகிதம் இல்லை என்பதற்காக வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

தனிக் குடும்ப அட்டை, பாஸ்போர்ட், மறுமணப் பதிவு, சொத்து வழக்கு எல்லாவற்றுக்கும் தீர்ப்பாணை கேட்பார்கள். விவாகரத்து ஆகி மறுமணம் செய்யாத பெண், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ம் பிரிவில் (பழைய 125-ம் பிரிவு) ஜீவனாம்சம் கேட்கலாம். முஸ்லிம் பெண்களும் பழைய 125-ம் பிரிவில் கேட்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு அதே 2024-ல் உறுதி செய்தது.

குழு என்ன செய்யலாம்?

துணைக்கு ஒருவர் போங்கள். முதல் முறை கோர்ட்டு வளாகத்துக்குள் தனியாகப் போகக் கால் நடுங்கும். பஸ் செலவுக்கும் நகல் செலவுக்கும் உள்கடன் கேட்டால், "எதுக்கு?" என்று கூட்டத்தில் குடையாதீர்கள். தீர்மான நோட்டில் "சான்றிதழ் செலவு" என்று எழுதினால் போதும். யார் வழக்கையும் வெளியில் பேசுவதில்லை என்று எல்லோரும் ஒரு முடிவு எடுங்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் வருஷக்கணக்கில் கேட்காமலே இருக்கிறார்கள்.

நகல் வாங்கியவர்கள் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைத் தாய்வீட்டிலும் ஒன்றைக் கைப்பையிலும் வையுங்கள். அசலை லேமினேஷன் செய்ய வேண்டாம், பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். வழக்கு எண், கோர்ட்டு, தீர்ப்புத் தேதி மூன்றையும் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். ஆற்று வெள்ளத்தில் காகிதம் போனாலும் அந்த மூன்று இருந்தால் மறுபடி வாங்கலாம்.

கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் ஊரில் "தீர்த்துவிட்டது" என்று சொல்லப்படும் பெண்களில் எத்தனை பேர் கையில் கோர்ட்டுக் காகிதம் இருக்கிறது?
2. ஒரு வழக்கைத் தேட வேண்டிய நாலு இடங்கள் எவை?
3. நகல் மனு கொடுத்த பிறகு அறிவிப்புப் பலகையை ஏன் பார்க்க வேண்டும்?
4. தெரியாமல் வந்த தீர்ப்பை நீக்கச் சொல்ல எத்தனை நாள்? எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்?

முதல் கேள்விக்கு யாரையும் பெயர் சொல்லிப் பதில் சொல்ல வைக்க வேண்டாம். மனதுக்குள் எண்ணிப் பார்த்தால் போதும். கூட்டம் முடிந்ததும் ஓரமாக வந்து கேட்க நினைப்பவர்கள் கேட்கலாம். நான் இருப்பேன்.

உங்கள் சகோதரி,
கள ஒருங்கிணைப்பாளர்